சதுர அடிக்கு எவ்வளவு?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இந்தக் கேள்வி கேமரன் மலையில் ஏறிவிடும். "தம்பி, வீட்டுக்குச் சாயம் அடிக்கணும். சதுர அடிக்கு எவ்வளவு?" தானா ராத்தாவில் கேட்டாலும் ரிங்லெட்டில் கேட்டாலும் பதில் ஒரே எண்ணாக வர வேண்டும். எண் வந்ததும் அடுத்தவரிடம் கேட்போம். அவர் பத்துக் காசு குறைத்துச் சொன்னால் வேலை அவருக்கு.

சாயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. டின்னில் விலை ஒட்டியிருக்கிறது. இந்தக் கடையில் கொஞ்சம் கூட, அந்தக் கடையில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அடிக்கிற கைக்குத்தான் விலை ஒட்டப்படவில்லை. அதனால்தான் ஒரே வீட்டைப் பார்த்த மூன்று பேரில் ஒருவர் 1,800 வெள்ளி என்கிறார், ஒருவர் 2,600 என்கிறார், இன்னொருவர் 4,000 என்கிறார். முதலாமவர் நல்லவர், மூன்றாமவர் கொள்ளைக்காரர் என்று முடிவுகட்டி விடுகிறோம். மூவரும் பார்த்தது ஒரே வீடு. மனத்தில் எண்ணியது வேறு வேறு வேலை.

இந்த வாரம் அந்த எண்ணிக்கையைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம். இது இரண்டு தரப்புக்கும் பயன்படும். ஒன்று, காசு கொடுத்து வீட்டுக்கோ கடைக்கோ சாயம் அடிக்கச் சொல்பவர்கள். மற்றொன்று, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இலை பறிக்கும் வேலைக்குப் போகாமல் ரோலரும் ஏணியுமாகச் சொந்தத் தொழில் தொடங்கியிருக்கும் நம் பிள்ளைகள்.

தரை அல்ல, சுவர்

முதல் குழப்பம் அளவிலேயே தொடங்குகிறது. "அறை சின்னதுதான், 120 சதுர அடி" என்கிறோம். அது தரையின் அளவு. 12 அடிக்கு 10 அடி அறையின் நான்கு சுவர்களையும் சேர்த்தால் சுற்றளவு 44 அடி. உயரம் 10 அடி என்றால் சுவர் மட்டும் 440 சதுர அடி. ஒரு கதவுக்கும் ஒரு சன்னலுக்கும் 37 சதுர அடியைக் கழித்தால் 403. சீலிங் 120. மொத்தம் 523 சதுர அடி. தரையளவைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

சாயம் எவ்வளவு வேண்டும் என்பதும் இதிலிருந்தே வரும். வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர், அதாவது 107 சதுர அடி போகும். இரண்டு கோட் அடித்தால் இந்த அறைக்குச் சுமார் 10 லிட்டர். சொரசொரப்பான சுவர் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். டின்னின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவராவது இந்த அறைக்கு 5 லிட்டர் போதும் என்றால், ஒரு கோட்டில் முடிக்கப் போகிறார் அல்லது தண்ணீர் கலக்கப் போகிறார்.

ரோலர் ஓடும் நேரம் பாதிதான்

இனி உழைப்பு. பழகிய கை ஒன்று, தடையில்லாத சுவரில், மணிக்கு 150 சதுர அடி ரோலர் ஓட்டும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 523 சதுர அடிக்குச் சீலர் ஒரு கோட், சாயம் இரண்டு கோட். மொத்தம் 1,569 சதுர அடி. பத்தரை மணி நேரம்.

அதோடு முடிந்ததா? அலமாரியை நகர்த்தி, தரைக்குப் படுதா விரித்து, உரிந்த பழைய சாயத்தைச் சுரண்டி, ஆணி ஓட்டைக்கும் வெடிப்புக்கும் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைக்க 6 மணி நேரம். ரோலர் எட்டாத மூலை, சன்னல் ஓரம், சுவரும் சீலிங்கும் சேரும் கோடு ஆகியவற்றைப் பிரஷ்ஷால் இழுக்க 3 மணி நேரம். கடைசியில் துடைத்துக் கழுவி, சாமான்களை இடத்தில் வைக்க ஒன்றரை மணி. கூட்டினால் 21 மணி நேரம். சாப்பாடு, தேநீர் போக ஒரு நாளில் 7 மணி நேரம் கை ஓடும் என்றால், ஓர் ஆளுக்கு 3 நாள்.

21 மணியில் ரோலர் ஓடியது பத்தரை மணிதான். சரிபாதி. மற்ற பாதி வேலை முடிந்தபிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. சதுர அடிக்குப் பத்துக் காசு குறைக்கச் சொல்லும்போது, குறைவது எந்தப் பாதி? ரோலர் ஓட்டாமல் இருக்க முடியாது; சுவர் காட்டிக் கொடுத்துவிடும். சுரண்டுவதும், பட்டி வைப்பதும், உப்புத்தாள் தேய்ப்பதும்தான் குறையும். அந்தக் குறைவு ஆறு மாதம் கழித்துச் செதில் செதிலாக உரியும்போதுதான் நமக்குத் தெரியும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டத்தின் காலத்திலிருந்து இந்த மலையில் இலையை நிறுத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுத்தால் முற்றிய இலையும் காம்பும் கூடையில் ஏறிவிடும். அதனால்தான் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணும் வேண்டும்: இரண்டு இலை ஒரு மொட்டு இருக்கிறதா என்று பார்க்கும் கண். சுமார் 5 கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் 1 கிலோ தேயிலைத் தூள். கடையில் பொட்டலத்தை வாங்குபவர் அந்த 5 கிலோவைப் பார்ப்பதில்லை. சதுர அடி என்பது வெறும் தராசு. அதை மட்டும் நம்பினால் சாயத்திலும் முற்றிய இலைதான் வரும்.

மூடுபனிக்கும் சம்பளம் உண்டு

மேலே போட்ட கணக்கு கீழேயுள்ள ஊர்களுக்குச் சரி. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே சுவரும் வேறு, காற்றும் வேறு.

சாயத் தொழிலில் பொதுவாகப் பின்பற்றப்படும் விதி ஒன்று உண்டு. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் அடிக்க வேண்டாம் என்பது அது. கேமரன் மலையில் மூடுபனி இறங்கும் மாலைப் பொழுதுகளை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவரைத் தொட்டால் விரல் நனைகிறது. அந்தச் சுவரில் சாயம் ஒட்டாது; ஒட்டினாலும் நிற்காது. பெரும்பாலான எமல்ஷன் டின்களில் 'இரண்டு மணி நேரத்தில் அடுத்த கோட்' என்று போட்டிருப்பது சமவெளியின் வெயிலுக்கு. 18 பாகைக் குளிரில் அந்த இரண்டு மணி நேரம் நீண்டுகொண்டே போகும்.

வெளிச்சுவர் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆளுக்கு 40 மணி நேர வேலை. ஈப்போவில் நாளுக்கு 8 மணி நேரம் கிடைத்தால் 5 நாளில் முடியும். இங்கே காலைப் பனி விலகிச் சுவர் காய ஒன்பது மணி ஆகிறது; பிற்பகல் இரண்டு மணிக்கு மேகம் கூடிவிடுகிறது என்றால், கையில் இருப்பது 5 மணி நேரம்தான். அதே வேலைக்கு 8 நாள். நாள் கூலியை 150 வெள்ளி என்று வைத்தால், கீழே 750 வெள்ளி, மேலே 1,200 வெள்ளி. இந்த 450 வெள்ளி வித்தியாசத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேமரன் மலையில் மழை இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது. ஒன்று ஏப்ரல், மே மாதங்களில். மற்றொன்று அக்டோபர், நவம்பரில். தீபாவளி வருவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். ஆண்டிலேயே சாயம் காய மிகவும் சிரமப்படும் நாள்களைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் ஒரே சமயத்தில் சாயம் அடிக்க ஆள் தேடுகிறோம். ஆளும் கிடைப்பதில்லை, வெயிலும் கிடைப்பதில்லை. கூலி ஏறாமல் என்ன செய்யும்?

வெளிச்சுவரை மழை குறைவான சனவரி, பிப்ரவரியில் முடித்துவிடுங்கள். தீபாவளிக்கு உள்ளறைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்தாலே செலவில் ஒரு பகுதி தானாகக் குறையும். தங்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் இதே ஆலோசனைதான். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு முன்னால் அவசரமாக அடிக்கும் வெளிச்சாயம் மழையோடு போட்டி போடுகிறது.

ஈரத்தோடு பாசியும் பூஞ்சணமும் வரும். வெயில் படாத சுவரில் பச்சை, குளியலறைக்குப் பின்சுவரில் கறுப்புப் புள்ளி. இவற்றின் மேல் நேராகச் சாயம் அடித்தால் சில மாதங்களில் மீண்டும் எட்டிப் பார்க்கும். பூஞ்சணக் கொல்லி மருந்தோ நீர் கலந்த குளோரினோ போட்டுத் தேய்த்து, ஊற விட்டு, கழுவி, முழுதாகக் காயவிட வேண்டும். தேய்க்க ஒரு நாள் போகும். காய ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். வீட்டைப் பின்னால் இழுத்துக் கட்டியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். புதிய சிமெண்ட் பூச்சு குறைந்தது 28 நாள் காய வேண்டும். இந்தக் குளிரில் இன்னும் சில நாள் கொடுத்தால் நல்லது.

கோலாலம்பூரில் வேலை செய்துகொண்டு, மேலே இருக்கும் அம்மா வீட்டுக்குச் சாயம் அடிக்கப் பணம் அனுப்பும் பிள்ளைகள் பலர். வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்பி விலை கேட்கிறார்கள். படத்தில் ஈரம் தெரியாது. சுவருக்கு அருகில் போய், அடிப்பகுதியையும் மூலைகளையும் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட, வேலை எடுப்பவர் நேரில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்த பிறகு விலை சொல்லட்டும். பார்க்காமலே விலை சொல்பவரை நான் வேலைக்கு எடுக்கமாட்டேன்.

கறுப்பு வெள்ளைக் கட்டடங்கள்

விடுதி, உணவகம், கடை என்று வரும்போது கணக்கு இன்னொரு படி மாறுகிறது. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில், குழிப்பந்துத் திடலுக்கு எதிரே 1937இல் எழுந்த ஸ்மோக்ஹவுஸ் விடுதியைப் பார்க்காதவர்கள் குறைவு. வெள்ளைச் சுவர், அதன்மேல் கறுப்பு மரச் சட்டங்கள். அந்த ஆங்கிலேய பாணி பிறகு இந்த மலையின் முகமாகவே ஆகிவிட்டது. அடுக்குமாடி வீடுகளும் விடுதிகளும் கடைவரிசைகளும்கூட அந்தக் கறுப்புக் கோடுகளைப் போட்டுக்கொண்டன.

சாயக்காரர் கண்ணால் அந்தச் சுவரைப் பாருங்கள். 10 அடிக்கு 10 அடி வெறும் சுவர் என்றால் 100 சதுர அடி. ரோலருக்கு ஒரு கோட் 40 நிமிடம். அதே சுவரில் 10 அடி உயரத்தில் 6 மரச் சட்டங்கள் நின்றால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரம். மொத்தம் 120 அடி ஓரக்கோடு. மணிக்கு 60 அடி நேராகப் பிரஷ் இழுத்தாலும் வெள்ளைக்கு மட்டும் ஒரு கோட்டுக்கு 2 மணி நேரம். பிறகு கறுப்புக்குத் தனி. இரண்டு சுவரும் 100 சதுர அடிதான். உழைப்பு மூன்று மடங்குக்கும் மேல். 'சதுர அடிக்கு எவ்வளவு' என்ற கேள்விக்கு இந்தச் சுவரில் பதிலே கிடையாது.

இவற்றோடு இன்னும் சில: இரண்டாம் மாடிக்குச் சாரம் கட்டும் செலவு, அதை ஏற்றி இறக்கும் ஆள். சரிவான நிலத்தில் கட்டிய வீடென்றால், முன்பக்கம் ஒரு மாடியாகத் தெரிவது பின்பக்கம் மூன்று மாடி உயரம். விருந்தினர் இருக்கும் விடுதியில் ஒரே மூச்சாக வேலை செய்ய முடியாது. இன்று நான்கு அறை, மறுவாரம் நான்கு அறை என்று உடைத்துச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் படுதா விரிப்பதும் சுருட்டுவதும் மறுபடி முதலிலிருந்து. ஆள்கள் தாப்பாவிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வந்தால் மலைப்பாதையில் போகும் நேரம், அல்லது இங்கேயே தங்க வைக்கும் வாடகை. இவை எதுவும் சுவரில் தெரியாது; ஒவ்வொன்றும் கூலிக் கணக்கில் உட்கார வேண்டும்.

11 நாள், 140 வெள்ளி

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. பாட்டி, அம்மா இருவரும் தேயிலை பறித்தவர்கள். இவர் இருபது வயதில் ஒரு குத்தகையாளரிடம் கையாளாகச் சேர்ந்து, ஐந்தாண்டில் சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கினார். கை சுத்தம். கோடு இழுத்தால் அடிமட்டம் வைத்ததுபோல் இருக்கும்.

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு ஹோம்ஸ்டேயின் வெளிச்சுவர் வேலை வந்தது. சாயம் உரிமையாளருடையது, உழைப்பு இவருடையது. பேரம் பேசி 3,000 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார். துணைக்கு இரண்டு பேர், ஆளுக்கு நாள் கூலி 130. எட்டு நாளில் முடியும் என்று கணக்குப் போட்டார். துணை ஆள்களுக்கு 2,080 போனால் தனக்கு 920 நிற்கும். எட்டு நாளுக்கு 920 என்றால் நாளுக்கு 115. அதாவது முதலாளியின் கணக்கிலேயே, முதலாளிக்குக் கூலி தன் கையாளைவிடக் குறைவு!

மழை பிடித்தது. எட்டு நாள் பதினொன்றாயிற்று. வந்து காத்திருந்த ஆள்களை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. இருவருக்கும் 11 நாள் கூலி 2,860 வெள்ளி கொடுத்தார். மிச்சம் 140. வேனுக்கு எண்ணெய் ஊற்றிய காசு அதில்தான்.

11 நாளுக்கு 140 வெள்ளி என்றால் நாளுக்கு 13 வெள்ளிகூட இல்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் கணக்கில் 65 வெள்ளி 38 காசு. 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய அந்தத் தரை படிப்படியாக உயர்ந்து இங்கே வந்திருக்கிறது. பச்சை இலை நிறுக்கும் தொழிலாளிக்கும் அந்தத் தரை உண்டு. அதற்குக் கீழே சம்பளம் போட்டால் முதலாளி குற்றவாளி.

சொந்தத் தொழில் செய்யும் நம் தம்பிக்கு அந்தத் தரை கிடையாது. அவருக்குச் சம்பளம் போடுபவர் அவரேதான். அவர் எழுதும் விலைப்புள்ளிதான் அவருடைய சம்பளச் சீட்டு. அதில் தன் பெயரை எழுத மறந்தால் எந்த அதிகாரியும் வந்து கேட்கமாட்டார். தோட்டத்தை விட்டு வெளியே வந்தது கூலியிலிருந்து விடுபட. வெளியே வந்து, அம்மா இலை பறித்து வாங்கியதைவிடக் குறைந்த கூலிக்குத் தன்னைத்தானே அமர்த்திக்கொண்டால் அதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

கூலி வேறு, விலை வேறு

அறை ஒன்றுக்கு 3 நாள் என்றோம். நாளுக்கு 150 என்றால் 450 வெள்ளி. பலர் இதையே விலையாகச் சொல்லிவிடுகிறார்கள். இது கூலி மட்டும்தான். விலைக்குப் போக இன்னும் மூன்று படி உண்டு.

முதல் படி, சட்டப்படியான பங்கு. ஆளை முறையாக வேலைக்கு வைத்தால், மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் உள்ளூர் ஊழியருக்கு முதலாளி தரும் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு. சொக்சோ, வேலையின்மைக் காப்புறுதி இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 விழுக்காடு. 450 வெள்ளி 517 ஆகிறது. தனியாளாகத் தொழில் செய்பவரும் இதை ஒதுக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் தாங்களே பதிந்துகொள்ளலாம். ஏணியில் நிற்பவருக்கு அதைவிட அவசியமானது வேறில்லை.

இரண்டாவது படி, வேலைக்கு வெளியே போகும் செலவு. வேன், எண்ணெய், ஏணி, தேயும் ரோலர், பிரஷ், விலை சொல்லப் போய் வேலை கிடைக்காமல் திரும்பிய நாள், முடித்த வேலையில் ஒரு மூலையைத் திருத்த மறுபடி போகும் நாள், மழை நாள். இதற்கு 20 விழுக்காடு என்று வைத்தால் 620 வெள்ளி. மழைக்காலத்து வெளிவேலைக்கு 20 போதாது.

மூன்றாவது படி, இலாபம். நல்ல ஏணி வாங்கவும், வேலையில்லாத மாதத்தைத் தாண்டவும் தொழிலுக்கு என்று நிற்கும் காசு. 15 விழுக்காடு வைத்தால் சுமார் 714 வெள்ளி. கூலி 450, விலை 714. இடையில் இருக்கும் 264 வெள்ளியை அதிகப்படி என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். தொழில் செய்பவரும் அப்படியே நினைத்து வெட்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறார். இரண்டு பேர் நினைப்பும் தவறு. அந்தக் காசு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அவர் தொழிலில் இருக்கமாட்டார். நாம் மறுபடி புதிய ஆளைத் தேடிக்கொண்டிருப்போம்.

விழுக்காடுகள் ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். எண்கள் மாறலாம், படிகளைத் தாண்டக் கூடாது.

ஒரு தாள் எழுதுங்கள்

"நம்ம ஆள்தானே, எழுத்து எதுக்கு?" என்ற பேச்சு நம்மிடம் அதிகம். நம்ம ஆள் என்பதால்தான் எழுத வேண்டும். பிறகு கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே.

ஒரு பக்கம் போதும். எந்தெந்தச் சுவர், சீலிங், கதவு, கிரில். எத்தனை சதுர அடி. சுரண்டல், பட்டி, உப்புத்தாள், பூஞ்சணம் நீக்குதல், சீலர் ஆகியவற்றில் எவை உண்டு, எவை இல்லை. எத்தனை கோட், எந்தச் சாயம், யார் வாங்குவது. எத்தனை ஆள், எத்தனை நாள். மழையால் நின்ற நாளுக்கு என்ன ஏற்பாடு: எத்தனை மழை நாள் விலையில் அடக்கம், அதற்கு மேல் போனால் ஆளுக்கு எவ்வளவு. பணம் எப்போது: சேரும்போது ஒரு பகுதி, நடுவில் ஒரு பகுதி, முடித்துப் பார்த்த பிறகு மீதி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

பிணக்கு வந்தால் இந்தத் தாள்தான் பேசும். வீட்டுக்காரர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. கூலி வராத சாயக்காரர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் 5,000 வெள்ளி வரை தானே வழக்குப் போடலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான்.

மூன்று விலைப்புள்ளி வாங்குவதில் தவறில்லை. வாங்குங்கள். கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். நாள்களை ஒப்பிடுங்கள். 1,800 சொன்னவரிடம், "எத்தனை நாள் வேலை, எத்தனை பேர்?" என்று கேளுங்கள். இரண்டு பேர், மூன்று நாள் என்றால், எந்த வேலையை விட்டுவிட்டு அந்த மூன்று நாள் வந்தது என்று அடுத்த கேள்வி. 4,000 சொன்னவரிடமும் அதையே கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் கணக்குப் போட்டவர். திணறுபவர் குருட்டாம்போக்கில் எண் சொன்னவர், அது சின்ன எண்ணாக இருந்தாலும் பெரிய எண்ணாக இருந்தாலும்.

விலை நம் கைக்கு அடங்கவில்லையா? கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறைக்கலாம். அலமாரியை நாமே நகர்த்தி வைக்கலாம். பழைய ஆணிகளைப் பிடுங்கி, சுவரைத் துடைத்துக் கொடுக்கலாம். இந்த ஆண்டு வெளிச்சுவர், அடுத்த ஆண்டு அறைகள் என்று பிரிக்கலாம். இதையெல்லாம் செய்தால் அவருடைய மணி நேரம் உண்மையாகவே குறையும். விலையும் நியாயமாகக் குறையும்.

அந்தத் தம்பி இப்போது விலைப்புள்ளியில் தன் பெயருக்கு எதிரே முதலில் நாள் கூலி எழுதுகிறார், பிறகுதான் மற்ற ஆள்களுக்கு. 'மழை நாள் 3' என்று ஒரு வரியும் போடுகிறார். அந்த வரியைப் பார்த்ததும் சிலர் பேனா எடுத்து அடித்துவிடுகிறார்களாம். உங்கள் மேசைக்கு அப்படி ஒரு தாள் வந்தால் அடிப்பதற்கு முன் சன்னலுக்கு வெளியே ஒரு முறை பாருங்கள். எதிரே இருக்கும் மலை தெரிகிறதா?